கறுத்தமலைக் கல்

சேசு மரி சூசை

கறுத்தமலைத் தோட்டப் பள்ளிக்கூடம்,
நாவலப்பிட்டி.
26 ஜனவரி 1932

பாசமுள்ள வில்பிரட் அண்ணனுக்குத் தங்கை மார்கிரட் எழுதுவது. மாதாவின் தயவால் நான் சுகம். உங்கள் வயிற்று வலி எப்படி இருக்கிறது? மோர் குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறீர்களா? அல்லது றோஸ் மதினிக்குத் தெரியாமல் கண்டியில் நீங்கள் வேலை செய்கிற கந்தோர் வாசலில் நின்று வடை தின்கிறீர்களா?

கதிரையில் உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். இங்கே ஆகாயத்திலிருந்து கல் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வெடிச் சத்தம் கேட்டது. பிறகு தகரக் கூரைமேல் வண்டி ஓடுவது போல ஒரு உருட்டல். ரயில் பாதைக்காரர்கள் மலையை உடைக்கிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பதினொரு வருஷமாக உங்களோடு சேர்ந்து கல் பொறுக்கித் திரிகிறவளுக்கு அந்தச் சத்தம் தெரிய வேண்டாமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் காதுக்கு வந்தது. ஏழாம் லயத்து வீட்டு வரிசையில் வீரம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய பூசணிக் கொடிக்குள்ளேதான் விழுந்திருக்கிறது. அவள் மகள் ராக்கம்மா அந்த நேரம் அங்கே இலை கிள்ளிக்கொண்டு நின்றாளாம். இரண்டு முழம் தள்ளி விழுந்தபடியால் பிள்ளை தப்பியது. வீரம்மா ஓடிப்போய்த் தோண்டியிருக்கிறாள். நெருப்பாய்ச் சுடும் என்று பயந்து பயந்து தொட்டால், கிணற்றடிக் கல் மாதிரிச் சில்லென்று இருந்ததாம். மாரியாத்தாதான் வந்திருக்கிறாள் என்று மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, நல்லெண்ணெய் பூசி, குங்குமம் வைத்து, லயத்துக் கோடியில் ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறாள்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கல்லின் பக்கம் சாய்ந்தது. ஓட்டுத் துண்டில் உரசினேன். கறுப்புக் கோடும் விழவில்லை, சிவப்புக் கோடும் விழவில்லை; ஆகவே சாதாரண இரும்புக் கல் இல்லை. மேலே மெல்லிய கறுப்புத் தோல். பிசைந்த மாவில் பெருவிரலை அழுத்தினாற்போல எங்கும் குழி. ஒரு மூலையில் தோல் பெயர்ந்திருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம், கடுகு கடுகாக உருண்டைகள், நடுவில் வெள்ளிப் பொட்டுகள். 

உங்கள் நாலாம் நம்பர் கல்லை நினைத்து இதையும் சந்தேகிக்காதீர்கள். கண்டி ரயில் கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் கண்டெடுத்துச் சீமைக்கு அனுப்பினீர்களே, அதில் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை இருந்தது. அப்போதே சொன்னேன், கேட்டீர்களா? அங்கே கல் பரிசோதிக்கிற பெரியவர், "இதை எந்த எஞ்சினின் அடுப்பில் எடுத்தீர்களோ அங்கேயே போட்டுவிடுங்கள்" என்று எழுதி, பார்சலைத் திருப்பி அனுப்பினார். இந்தக் கல்லில் ஊசி நுழைகிற ஓட்டை கூட இல்லை.

விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரைத்தானே வைப்பார்கள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத எங்கள் தோட்டத்துக்கு ஒரு பேர் வரப்போகிறது. கறுத்தமலைக் கல்! சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது.

மதினிக்கு என் அன்பு.
தங்கை,
மார்கிரட்

•

சேசு மரி சூசை

குண்டசாலை,
கண்டி.
30 ஜனவரி 1932

அன்புத் தங்கை மார்கிரட்டுக்கு ஆண்டவருடைய ஆசீர் உண்டாவதாக. நானும் றோஸும் சுகம். வயிறு முன்போலத்தான். மோர் குடிக்கிறேன். வடை விஷயம் பொய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ எழுதிய குறிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் தண்ணீருக்குள் நிறுத்துப் பார்க்காமல் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது. அதற்குரிய தராசு கண்டியில் மக்கீன் நானாவின் மாணிக்கக் கடையில்தான் இருக்கிறது. நம் கற்கள் எல்லாவற்றையும் அவர்தானே நிறுத்துக் கொடுத்தார். ஆகவே எப்படியாவது அந்தப் பெண்ணிடம் வாங்கி அனுப்பு. ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறு யாரிடமும் காட்டாதே. தோட்டத்துத் துரையின் காதுக்குப் போனால் கல் அவருடைய மேசைக்குப் போய்விடும்.

ஒன்று கேட்கிறேன். நாலாம் நம்பரைப் பற்றி நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதத்தான் வேண்டுமா? ஐந்து வருஷம் ஆகிறது. கந்தோரில் இன்றைக்கும் என்னை "எஞ்சின்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீயாவது விட்டுவிடு.

அன்புள்ள அண்ணன்,
வில்பிரட்

•

சேசு மரி சூசை

கறுத்தமலை.
14 பெப்ரவரி 1932

பாசமுள்ள அண்ணனுக்கு, நான் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தபசு கால ஜெபத்தில் மன்றாடுகிறேன். நாலாம் நம்பரைப் பற்றி இனி எழுதமாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கல் வருகிறது. ரயில் கார்ட் அந்தோனியிடம் கையில் கொடுத்திருக்கிறேன். தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

லேசில் கிடைக்கவில்லை. இரண்டு தடவை கேட்டேன், வீரம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை போனபோது கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். "எம் புள்ளைக்குப் பதிலா மண்ணுல பாஞ்ச கல்லு டீச்சரம்மா, அத எப்படிக் குடுப்பேன்?" என்றாள். ஆடிப் பூசைக்கு முன்னால் என் கையாலேயே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய என்னால் முடியாது என்று அவளுக்கே தெரியும். என் கழுத்தில் கிடந்த செபமாலையைக் காட்டினாள். "உங்க மாதா மேல கையடிச்சுக் குடுங்க. எங்க ஆத்தாவுக்கும் அது கேக்கும்" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ஆகையால் சொல்வதைக் கேளுங்கள். அறுக்கக் கூடாது. அரத்தால் ராவக் கூடாது. மஞ்சளையும் எண்ணெயையும் கழுவக் கூடாது. நம் கற்களுக்கு வைப்பது போல வெள்ளைப் பூச்சில் நம்பர் போடவும் கூடாது. இது நம்முடையது இல்லை. கூடவே ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன்: "கறுத்தமலை, 19 ஜனவரி 1932, எடுத்தவர் வீரம்மா." அதை அவிழ்க்க வேண்டாம்.

உங்கள் கையில் அதைத் தொட்டுப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சந்தோஷம். நீங்கள் இல்லாவிட்டால் எனக்குக் கல்லும் தெரியாது, ஆகாயமும் தெரியாது.

மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
மார்கிரட்

•

சேசு மரி சூசை

குண்டசாலை.
3 மார்ச் 1932

அன்புத் தங்கைக்கு ஆசீர். நலம். வயிறுதான் சில நாளாக உபத்திரவம் தருகிறது. மழையும் இல்லை. றோஸின் தகப்பனாருக்குக் காய்ச்சல். கந்தோரில் வேலை அதிகம்.

கல் கிடைத்தது. மக்கீன் நானாவின் கடையில் நிறுத்தோம். இரண்டு றாத்தலுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனம். இது அப்படியொன்றும் பெரிய கனம் இல்லை. சாதாரணக் கருங்கல்லே மூன்று மடங்கு வரும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீ மனக்கோட்டை கட்டாதே.

இருந்தாலும் பதிவுக்காகச் சில விபரம் வேண்டும். குழி எத்தனை அங்குலம் ஆழம்? எந்தத் திசையிலிருந்து சரிந்து வந்தது? வெடிச் சத்தம் எத்தனை மைலுக்குக் கேட்டது? குண்டசாலைப் பக்கம் யாராவது கேட்டதாகச் சொன்னார்களா? பத்திரிகைக்காரர் யாருக்காவது தெரியுமா? துரைக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

அண்ணன்,
வில்பிரட்

•

சேசு மரி சூசை

கறுத்தமலை.
8 மார்ச் 1932

பாசமுள்ள அண்ணனுக்கு, நான் சுகம். மதினியின் அப்பாவுக்கு இப்போது எப்படி? வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் போட்டுக் குடியுங்கள்.

நம்பிக்கை இல்லாதவர் குழியின் ஆழத்தை ஏன் கேட்கிறார்? யாருக்குக் காது குத்துகிறீர்கள்? உங்களுக்கும் உள்ளுக்குள் ஆசை பிடித்துவிட்டது, எனக்குத் தெரியும். பயத்தில் மறைக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இந்தத் தடவை ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

குழி பதினொரு அங்குலம். நானே அளந்தேன். வடகிழக்கிலிருந்து சரிந்து வந்திருக்கிறது. பூசணிப் பந்தலின் அந்தப் பக்கக் கம்புதான் முறிந்தது. சத்தம் கம்பளை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். குண்டசாலையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? அங்கே இருக்கிறவர் நீங்கள்தான். பத்திரிகைக்காரருக்கும் துரைக்கும் ஒன்றும் தெரியாது. இவையெல்லாம் உங்களுக்கு மட்டும்.

கல்லைக் கடதாசியில் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு திருப்பி அனுப்பிவிடுங்கள். வீரம்மா வழியில் கண்டால் "எங்க சாமி சுகமா இருக்கா டீச்சரம்மா?" என்று கேட்கிறாள், ஊருக்குப் போன பிள்ளையை விசாரிப்பது போல.

மார்கிரட்

•

சேசு மரி சூசை

குண்டசாலை.
8 மே 1932

அன்புத் தங்கைக்கு ஆசீர். நீ எழுதிய மூன்று கடிதமும் கிடைத்தன. உடல் நலக்குறைவால் உடனே பதில் எழுத முடியவில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கல் விஷயம் முடிந்தது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அது உலையில் மிஞ்சுகிற இரும்புக் கிட்டம்தான். உனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. மனதைத் தேற்றிக்கொள்.

உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம் என்றபடியால், கல்லை நேரே வீரம்மாவிடம் கொடுக்கும்படி அந்தோனியிடம் அனுப்பிவிட்டேன். அவள் மனம் நோகக் கூடாது என்று மஞ்சளும் குங்குமமும் புதிதாக வைத்தே அனுப்பினேன். நீ பண்ணிக் கொடுத்த சத்தியமும் நிறைவேறிவிட்டது. இனி அதைப் பற்றி யாரிடமும் பேசாதே. கேலிக்கு இடமாகும்.

அண்ணன்,
வில்பிரட்

•

சேசு மரி சூசை

கறுத்தமலை.
15 மே 1932

அண்ணனுக்கு, நான் சுகம் இல்லை. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வீரம்மா வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். "இது எங்க சாமி இல்லீங்க" என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். கல்லைப் பார்க்கவே இல்லை, பார்க்காமலே திட்டினேன். என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, சர்ச்சில் பாட்டுப் படிக்கிறவர், ஒருவர் பொருளைத் தொடாதவர் என்று பிள்ளைகளுக்கு முன்னால் சத்தம் போட்டேன். அவள் கல்லை என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "நா தெனமும் குளிப்பாட்டுன கல்லுங்க. எனக்குக் கையில தெரியாதா? இது லேசா இருக்கு. குங்குமத்த கல்லு முழுக்க அப்பியிருக்காங்க. சாமிக்கு நெத்தியில மட்டுந்தான் வைப்போம்" என்றாள்.

அப்போதுதான் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் தெரிந்துவிட்டது அண்ணா. அடியில் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை. ஈரத் துணியால் மஞ்சளைத் துடைத்தேன். நீங்கள் சுரண்டியிருக்கிறீர்கள், ஆனால் குழிக்குள்ளே வெள்ளைப் பூச்சு மிச்சம் இருந்தது. நான் என் கையால் எழுதிய 4. அதைப் பற்றி எழுதமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். இன்றைக்கு எழுத வைத்துவிட்டீர்கள்.

வீரம்மாவிடம், மாறிப் போயிருக்கும், விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தவறுதலாக மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்புகிறேன். சத்தியமாக நம்புகிறேன். நிஜக் கல்லை மட்டும் அனுப்பிவிடுங்கள். இங்கே தேயிலைக்கு விலை இல்லை என்று ஆட்களைக் குறைத்து, வேலையை விட்டு நிற்கச் சீட்டுக் கொடுக்கிறார்கள். வீரம்மா குடும்பத்தின் பெயரும் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் தலைமன்னாருக்கு ரயில் ஏற்றி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கல்லைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்பது.

மார்கிரட்

•

கறுத்தமலை.
29 மே 1932

அண்ணா, இரண்டு வாரமாகப் பதில் இல்லை. கோபத்தில் எழுதியதால் உங்கள் வயிற்று வலி கூடிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உடம்புக்கு முடியாவிட்டால் மதினியை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கல்லைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

மார்கிரட்

•

கண்டி.
10 ஜூன் 1932

அன்புள்ள மார்கிரட் தங்கச்சிக்கு, மக்கீன் நானாவின் ஸலாம். அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் வீட்டிலுள்ளவர்களும் ஸலாமத்தாக இருக்கிறோம். உங்களுடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

போன வாரம் சீமையிலிருந்து எனக்கு ஒரு காயிதம் வந்தது. மருமகன் முனாபை விட்டு வாசிப்பித்தேன். கற்களைப் பரிசோதிக்கிற ஒரு சபையார் எழுதியிருக்கிறார்கள். உங்கள் காக்கா வில்பிரட் அவர்களுக்கு ஒரு ஆகாயக் கல் அனுப்பியிருக்கிறாராம். உண்மையான கல் என்று அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தன்னுடைய குண்டசாலை வீட்டு வளவில், தன் கண் முன்னாலே விழுந்தது, அன்றே கையில் எடுத்தேன், வேறு ஒருவர் கையும் படவில்லை என்று அவர் எழுதியிருக்கிறாராம். குழி பதினொரு அங்குலம், வடகிழக்குத் திசை என்று எல்லாம் இருக்கிறதாம். நிறுத்துக் கொடுத்த சாட்சியாக என் பெயரையும் எழுதிவிட்டார்.

ஆனால் கல்லின் வெடிப்புக்குள்ளே மஞ்சள் தூளும் எண்ணெயும் கிடக்கிறதாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய அடையாளமும் இருக்கிறதாம். இது எப்படி வந்தது, கல்லை முதலில் நீர் எங்கே கண்டீர், என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்கிறார்கள்.

கல் என் கடைக்கு வந்தபோது அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. உங்களுடைய கையெழுத்து. வீரம்மா என்று ஒரு பெயரும் கறுத்தமலை என்று ஊரும் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். உங்களுடைய காக்காவிடம் கேட்டேன். "தங்கச்சி எனக்கே தந்துவிட்டாள், அந்தப் பொம்பளைக்கும் சம்மதம்" என்று சொன்னார். அப்படியானால் எனக்குச் சந்தோஷம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆகையால்தான் எழுதுகிறேன்.

நான் மாணிக்கம் வாங்கி விற்கிறவன். ஒருவர் நம்பிக் கொடுத்து வைத்த அமானிதத்தில் பொய் எழுதிக் கொடுத்தால் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியவன் நான். நீங்கள் சம்மதித்துத்தான் கொடுத்தீர்களா? ஒரு வரி எழுதினால் போதும்.

மக்கீன்

•

கறுத்தமலை.
14 ஜூன் 1932

மரியாதைக்குரிய மக்கீன் நானாவுக்கு, மார்கிரட் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். சம்மதித்துக் கொடுத்தேன் என்று எழுதலாமா என்றுதான் இருந்தேன். மறைப்பானேன்? ஒரு வயிற்றில் பிறந்தவர். அம்மா செத்த பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவர். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். அவருக்கு ஒரு பெயர் கிடைக்கிறதென்றால் என் பங்கை நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், கண்ணை மூடிக்கொண்டு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. அவர் கேட்கவில்லையே நானா.

ஆனால் அது என் பங்கு இல்லை. வீரம்மாவுடையது.

நான் சம்மதிக்கவில்லை. வீரம்மாவும் சம்மதிக்கவில்லை. கல் கறுத்தமலையில் ஏழாம் லயத்துப் பூசணித் தோட்டத்தில் விழுந்தது. மஞ்சள் அவள் குளிப்பாட்டியது. சவர்க்காரம் போட்டுக் கழுவியது யார் என்று உங்களுக்குத் தெரியும். கடதாசியில் நான் கோடு போட்டு எடுத்த கல்லின் அளவை இத்துடன் வைக்கிறேன். எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். கல்லைத் திருப்பி அனுப்பும்படியும் எழுதுங்கள். ஆடிக்குள் வந்தால் போதும்.

இதை எழுதியது நான் என்று அண்ணனிடம் நீங்களே சொல்லலாம்.

மார்கிரட்

•

சேசு மரி சூசை

குண்டசாலை.
3 ஆகஸ்ட் 1932

மார்கிரட்டுக்கு. நாங்கள் சுகம். உன் சுகத்தையும் விரும்புகிறேன்.

மக்கீன் எழுதியதற்குச் சீமையிலிருந்து பதில் வந்துவிட்டது. நீ நினைத்தது நடந்தது. என்னைத் தங்கள் சபையில் அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டு எழுதியிருந்தார்கள், அதை நீக்கிவிட்டார்கள். குண்டசாலை என்ற பெயரையும் வெட்டிவிட்டார்கள். ஆனால் உன் கறுத்தமலையையும் அவர்கள் எழுதவில்லை. ஒரு தடவை பொய் கலந்த சாட்சியில் எது உண்மை என்று இனிக் கண்டுபிடிக்க முடியாதாம். "விழுந்த இடம் ஐயத்துக்குரியது" என்று பதிந்திருக்கிறார்கள். எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. இதற்காகத்தான் அண்ணனை ஒரு கடைக்காரரிடம் காட்டிக்கொடுத்தாயா?

கல்லைத் திருப்பித் தர முடியாது. ஏப்ரல் மாதமே அறுத்து மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கண்டெடுத்தவருக்கு ஒரு துண்டு கொடுப்பது அவர்களுடைய வழக்கம். அது எனக்கு வந்திருந்தது. அதை உனக்கு அனுப்புகிறேன். உன் பங்கு.

நீ என்னைக் கள்ளன் என்று நினைக்கிறாய். ஐந்து வருஷம் ஒவ்வொரு நாளும் "எஞ்சின் வந்துவிட்டது" என்ற சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கந்தோருக்குள் நுழைந்தவன் நான். ஒரே ஒரு தடவை அவர்கள் வாயை மூட வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கல்லை வைத்துக்கொண்டு வீரம்மா என்ன செய்யப் போகிறாள்? எண்ணெய் பூசப் போகிறாள். அவள் உனக்கு யார்? இன்றைக்கு இருப்பாள், நாளைக்கு இந்தியாவுக்குப் போவாள். நான் உன் அண்ணன்.

வயிறு மிகவும் மோசம். டாக்டர் பால் கஞ்சி மட்டும் என்கிறார்.

வில்பிரட்

•

கறுத்தமலை.
14 ஆகஸ்ட் 1932

அண்ணனுக்கு,

துண்டு கிடைத்தது. பூசையில் நன்மை எடுக்கும்போது நாவில் வைக்கிற அப்பத்தின் அளவு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரித் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்த கடுகு உருண்டைகளும் வெள்ளிப் பொட்டுகளும் எவ்வளவு அழகாகத் தெரிகின்றன! பதினொரு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் கையில் வைத்திருந்ததில்லை. ஒரு இரவும் ஒரு பகலும் வைத்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கே வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அந்த ஆசை உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான்.

ஆடிப் பூசையை வீரம்மா வெறும் மாடத்துக்குச் செய்தாள். கல் இருந்த இடத்தில் மஞ்சள் தெளித்துக் கும்பிட்டாள். நான் தூரத்தில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர்களை நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது பேருக்கு மேல் இருக்கும், பானையும் பாயும் மூட்டையுமாக. வீரம்மா ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போய்த் துண்டை அவள் கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் அண்ணன் செய்தார் என்றும் சொன்னேன். மாறிப் போய்விட்டது என்று சொல்லவில்லை.

அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தீட்டிய பக்கத்தை விரலால் தடவினாள்.

"மிச்சம் எங்க டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

பிறகு துண்டை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டாள். "அறுத்த சாமிய வச்சுக் கும்பிடக் கூடாதுங்க. ஓடுற தண்ணியில விட்டுறணும். எனக்குக் கோச்சிக்கு நேரமாச்சு, நீங்களே விட்டுருங்க" என்றாள். மாதா பெயரில் கையடித்துக் கொடுத்தவள் நான்; கடைசியில் அந்த வேலையையும் என்னை நம்பித்தான் விட்டுப் போனாள். என்ன பெண் அவள்! ராக்கம்மா ஜன்னலில் இருந்து கை காட்டினாள்.

ரயில் போன பிறகு ஆற்றங்கரைக்கு நடந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? வீரம்மா திரும்பி வரப் போவதில்லை. நீங்களும் குண்டசாலையில் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள் என்று தோன்றியது. அதன் பிறகு நிற்கவில்லை. மகாவலியில் நடு ஓட்டத்தில் விட்டெறிந்தேன்.

நாலாம் நம்பர் கல்லை அந்தோனியிடம் அனுப்பியிருக்கிறேன். குங்குமத்தைக் கழுவிவிட்டு, சுரண்டிய இடத்தில் நம்பரைப் புதிதாக எழுதியிருக்கிறேன். அது உங்களுடையது. நம் பிஸ்கட் தகரத்தில் இருக்கிற மற்றக் கற்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் கல் பொறுக்கமாட்டேன்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வயிற்றைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை.

மார்கிரட்